சாரலில் வந்த டெத் மெட்டல் ரெக்கார்டு

சாரல் மாதங்களில் தென்காசியில் வீடு வைத்திருப்பதும் சத்திரம் வைத்திருப்பதும் ஒன்றுதான். குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தபந்தம் எல்லாம் ஈரத் துண்டோடு நம் வீட்டில்தான் வந்து இறங்கும். இந்த வருஷம் மச்சினர் குடும்பத்தில் ஏழு பேர் தங்கியிருந்த நேரத்தில் கூரியர்க்காரர் வந்து ஒரு சதுர அட்டைப்பெட்டியை நீட்டினார். பெட்டியின் ஒரு மூலை நனைந்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நான் வேட்டியை அவிழ்த்து அதைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். உள்ளே அரைக்கால்சட்டை போட்டிருந்தது கூரியர்க்காரர் செய்த புண்ணியம்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு டெத் மெட்டல் ரெக்கார்டு. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிடாரின் சுருதியைக் கிணற்றின் அடிமட்டம் வரைக்கும் இறக்கி, இரண்டு காலாலும் டிரம்மை உதைத்து, பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுகிற சங்கீதம் அது. என் மனைவி இதை 'செப்டிக் டேங்க் லாரி சத்தம்' என்பாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல பேரு எங்கன இருக்கு?"

"அந்தா மேல வேரு மாதிரி பின்னிக் கெடக்குல்லா, அதான் பேரு."

"நான் செவுத்துல ஓதம் பூத்திருக்குன்னுல்லா நெனச்சேன்."

பாடியவர்கள் ஏதோ ஒரு குளிர்தேசத்து நான்கு பையன்கள். ஒரே ஒரு கேசட்டை வெளியிட்டுவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். இணையத்தில் தேடினால் அவர்கள் பெயர் வரும், பாட்டு வராது. அதைத்தான் இப்போது ஒரு தனி மனிதர், மூல நாடாவைத் தேடிப் பிடித்து, சில நூறு ரெக்கார்டுகளாக மறுபடி கொண்டுவந்திருந்தார். இவரைப் போன்றவர்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றும். புதுப் பையன்கள் போடுகிற ரெக்கார்டுகளிலும் இதே கிறுக்குத்தான். உறையைக் கையால் ஒட்டியிருப்பார்கள், வரிசை எண்ணைப் பேனாவால் எழுதியிருப்பார்கள், ஒருமுறை உள்ளே பூனை முடிகூட வந்தது. உலகத்தில் மொத்தமே நானூறு பேர் கேட்கப்போகிற சத்தத்துக்கு அட்டையின் கனம் என்ன, மடித்து வைத்த பாட்டுத்தாள் என்ன, பழைய புகைப்படங்கள் என்ன! எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இந்த ரெக்கார்டை நான் எனக்காக வாங்கவில்லை. வடகரையில் எனக்கு ஒரு நண்பன். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அவனுடைய வாப்பா வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது, உடன் வேலை செய்த யாரோ கொடுத்த கேசட் ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. அதுதான் இது. அவர் திரும்பிப் போவதற்கு முந்தின சாயங்காலம், வாக்மேனையும் வீட்டு டேப்ரிக்கார்டரையும் ஒரு வயரால் இணைத்து, அதை வேறொரு கேசட்டில் பதிந்துகொண்டோம். மூலக் கேசட் வாப்பாவோடு போய்விட்டது. எங்கள் பிரதி மாதம் ஒருவர் வீட்டில் இருக்கும். அந்த டிரம்மரின் வேகத்துக்கு உலகத்தில் ஆளே கிடையாது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தோம். அப்புறம் என் முறை வந்தபோது என் டேப்ரிக்கார்டர் நாடாவை இழுத்து மென்று தின்றுவிட்டது. அவன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு அவனும் வளைகுடாவுக்குப் போனான். ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்தால் கல்யாணம், கடன், காதுகுத்து என்று நாள் போய்விடும். இந்த லீவில் ஒரு மத்தியானத்தை எனக்கென்று ஒதுக்கியிருந்தான். அதற்கு மறுநாள் புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. "நீ தின்ன கேசட்ட நீயே கக்கப்போற மாப்ள" என்று போனில் சிரித்தான்.

அவன் வருவதற்கு முந்தின நாள் ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு சேற்றில் நடந்துகொண்டிருந்தது. உறுமல் இன்னும் ஆழத்துக்குப் போயிருந்தது. உலகத்தில் ஆளே கிடையாது என்றோமே, அந்த டிரம்மர் மத்தியானச் சாப்பாடு முடித்தவர் மாதிரி வாசித்தார்.

சாரல் ஈரத்தில் பிளேயரின் பெல்ட் நழுவுகிறது என்று நினைத்தேன். தட்டின் விளிம்பில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, கையில் கடிகாரத்தோடு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினேன். முப்பத்து மூன்றும் கொஞ்சமும். சரியான கணக்கு. மறுபடி எண்ணினேன். மறுபடியும். நான் உதடு அசைத்து எண்ணுவதை மச்சினர் சம்சாரம் பார்த்துவிட்டு, அண்ணன் ஜெபம் பண்ணுவதாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். ஆத்திரத்தில் பிளேயரின் அடுத்த வேகமான நாற்பத்தைந்து சுற்றில் வைத்தேன். பேய் மாதிரி உறுமியவர் பால்வாடிப் பிள்ளை மாதிரி அழுதார்.

அப்படியென்றால் தப்பு ரெக்கார்டில்தான். வெளியிட்ட மனிதருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எழுதினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. சாமியாடினேன். எங்கள் இளமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்ற பொருளில் ஒரு வரி வேறு. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பாடியவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து வேகத்தைச் சரிபார்த்ததாகவும், இதுதான் அசல் என்றும், இருந்தாலும் எந்த இடத்தில் எனக்கு உறுத்துகிறது என்று சொன்னால் மறுபடி கேட்டுப் பார்ப்பதாகவும் நிதானமாக எழுதியிருந்தார். ஆடிய சாமி மலையேறிவிட்டது. ஆனால் நாளைக்கு நண்பன் கேட்டுவிட்டு என்ன சொல்வானோ என்ற பயம் மலையேறவில்லை.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். என் பிளேயரில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதைக் கடைசி வரைக்கும் கூட்டினேன். பழைய கேசட் அப்படியே எழுந்து உட்கார்ந்தது. திருகின் மேல் விபூதித் தட்டைச் சாய்த்து மறைத்து வைத்தேன். களவாணி வேலைதான்.

மறுநாள் நண்பன் ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே வந்தான். ஒற்றைக் காலில் நின்று தலையைச் சாய்த்துக் குதித்தான்.

"காதுக்குள்ள தண்ணி போயிட்டு மாப்ள."

அந்தத் தண்ணீர் அங்கேயே இருக்கட்டும் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொண்டேன்.

முள்ளை வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் பக்கம் முடிகிறவரைக்கும் திறக்கவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் தாளம் போட்டது. முடிந்ததும், "அதேதாம்லே" என்றான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். காப்பி கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டபிறகு என்னால் முடியவில்லை.

"லே, நான் ஒரு திருட்டு வேல பண்ணிட்டேன்" என்றேன். விபூதித் தட்டை எடுத்துத் திருகைப் பழையபடி வைத்து, அதே பக்கத்தை முதலிலிருந்து போட்டேன்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்னலே, கரண்ட் கொறயுதா?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். மின்விசிறி வேகம் குறையாமல்தான் சுற்றுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தான்.

"மாப்ள, நாம அத எப்பம் பதிஞ்சோம்?"

"சாயங்காலம்."

"நாத்து நடுவ நேரம். வடகர பூரா வயல்ல மோட்டார் ஓடிக்கிட்டு கெடந்துது. எங்க வீட்டு பல்பு செவப்பால்லா எரிஞ்சுது."

சொல்லச் சொல்ல எனக்கும் அந்தச் சிவப்பு பல்பு கண்ணுக்குள் எரிந்தது. வாக்மேன் பேட்டரியில் சரியான வேகத்தில் பாடியிருக்கிறது. பதிந்த டேப்ரிக்கார்டரோ குறைந்த கரண்டில் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை நல்ல கரண்டில் போட்டால் பறக்காமல் என்ன செய்யும்? நாங்கள் இத்தனை வருஷமாகக் கொண்டாடிய வேகம், வடகரை நெல்வயலுக்குத் தண்ணீர் இறைத்த வேகம்.

"நீ என்ன கட வச்சிருக்க?" என்று கேட்டான்.

"எலக்ட்ரிக்கல் கட."

"அதுல என்ன விக்க?"

"பம்ப்செட் மோட்டார்."

"பொறவு?"

"வோல்டேஜ் ஸ்டெபிலைசர்."

"வெளிய சொல்லிராத."

அவனுக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்தது. காதில் இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும். ஏனென்றால் மறுபடி முள்ளை வைத்ததும் அவன் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தான்.

நானும் முதல்முறையாகப் பயமில்லாமல் கேட்டேன். பேஸ் கிடார் ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஐந்தருவிப் பாறைக்கடியில் காலால் உணர்கிற அதிர்வு மாதிரி அது இருந்தது. கீச்சென்று கேட்ட இடம் கீச்சு இல்லை, இரண்டு கிடார்கள் ஒன்றை ஒன்று உரசிப் போகிற இடம். பழைய கேசட்டில் ஒரே இரைச்சலாக உருண்ட டிரம்மில் இப்போது ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்தது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு பாரத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை மெதுவென்று நான் திட்டியிருக்கிறேன். அந்த மனிதருக்கு இன்னொரு மின்னஞ்சல் எழுத வேண்டும். பம்ப்செட் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் பக்கமும் முடிந்தது. முள் தானாக எழுந்து ஓரத்துக்குப் போனது. நண்பன் உறையை மடியில் வைத்து, ஓதம் பூத்த அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"பாவம்லே அந்த டிரம்மர். இத்தன வருசமா நாம அவன வெரட்டிக்கிட்டுல்லா இருந்திருக்கோம்."

"மன்னிச்சிருலே" என்றேன். கேசட்டைத் தின்றதற்கா, திருகைத் திருப்பியதற்கா என்று எனக்கே தெளிவில்லை.

"எதுக்கு? ஒண்ணு தின்ன, ரெண்டா கக்கிட்ட." வாசலில் மச்சினர் பிள்ளைகள் ஈரத் துண்டோடு வேனிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. செருப்பைத் தேடி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "வடகர பஸ்ஸு வர இன்னும் நேரங் கெடக்கு. அந்த மூணாவது பாட்ட மட்டும் நம்ம வேகத்துல ஒருக்கப் போடு."

நான் திருகைக் கடைசி வரைக்கும் கூட்டினேன்.