பியானோ இல்லாத கிளைம்

பிள்ளைகளே, உங்கடை பெரியப்பா, என்ரை அண்ணை, எங்களை விட்டுப் போய் ஒரு வருசம். மன்னாரில் பிறந்து, அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்டில் இருந்துகொண்டு என்னைக் கனடாவுக்கு எடுப்பித்து, அஜக்ஸில் கண்மூடியவர். இந்த நினைவு மலரை வாங்கும் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாராவது நடந்ததைவிடக் கதையைக் கூட்டிச் சொன்னால் "உது பியானோ" என்று ஏன் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

நான் வந்தபோது அவர் அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை. நூல்நிலையத்தில் கழித்துப்போட்ட தடித்த புத்தகம் ஒன்றை அகராதி வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தீவு நாட்டுக்குக் கொன்சலாக, தன் நாட்டுத் தூதராகப் போன ஒருவரின் கதை. உத்தியோகத்தோடு அந்த மனிதர் கடை போட்டார், மர ஆலை வைத்தார், கப்பலும் விட்டார். ஒரு கலவரத்தில் வீடும் கடையும் எரிந்தன. அந்த நாட்டு அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்டுக் கிளைம் போட்டார்.

"அண்ணை, அவருக்கு ஹியரிங் எப்பவாம்?" என்று பகிடி விட்டேன். எனக்குத் தெரிந்தது அகதிக் கிளைமும் அதை விசாரிக்கும் ஹியரிங்கும்தான்.

"ஹியரிங்கிலைதானடா ஆள் விழுந்தது. எரிஞ்ச சாமான் லிஸ்டிலை ஒரு பியானோவையும் சேர்த்திட்டார். அந்த வீட்டிலை பியானோவே இருக்கேல்லையெண்டு வேலைக்காரி சாட்சி சொல்லிப்போட்டாள். பிறகு வீடு எரிஞ்சதையும் ஒருத்தரும் நம்பேல்லை. பாவம் மனுசன், சாகுமட்டும் கடிதம் எழுதினது."

அந்தக் கிழமைதான் என்ரை கிளைமை எழுதினேன். ஊரில் ஆமிக் காம்பில் என்னைப் பிடித்து வைத்திருந்தது இரண்டு நாள். "ரண்டு மாதமெண்டு போடு" என்றார்கள் பேஸ்மென்டில் கூட இருந்த பெடியள். போட்டேன். பெரியப்பா வாசித்தார்.

"எத்தினை நாளடா?"

"ரண்டு."

"அப்ப மிச்சம் பியானோ. வெட்டு."

"திருப்பி அனுப்பினால் சாகிறது நான். உங்களுக்குக் கொன்சலின்ரை கதை!" என்று கத்தினேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு வெட்டினேன்.

ஹியரிங்கில் அந்த இரண்டு நாளையும் மணித்தியாலக் கணக்காகத் துருவினார்கள். நடந்ததென்றபடியால் சொன்னது மாறவில்லை. ஏற்றுக்கொண்டார்கள். வெளியில் பெரியப்பா றொட்டிப் பார்சலோடு நின்றார்.

"ஓமோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அந்த ஓம் இல்லாவிட்டால் நீங்கள் இங்கே பிறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசி நாட்களில் அவரைப் பார்த்த தாதிமாருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், சாப்பாடு கொண்டுவந்து வாசல் பனியும் வழித்துவிட்ட அயலட்டைக்கும் எங்கள் நன்றி.

நினைவு மலர் என்றால் போனவரைப் புனிதராக்குவது வழக்கம். உங்கடை பெரியப்பா கோபக்காரர். சீட்டுக் கடதாசி விளையாட்டில் அளாப்பி, கள்ளத்தனமாய் வெல்லுவார். என்ரை உயிரைக் காப்பாற்றினார்.

அண்ணை, மூண்டும் உண்மை. பியானோ ஒண்டும் இல்லை.