நர்ஸ் இல்லாத நர்ஸ் வீடு

கலுண்டே எங்கே வருகிறாள் என்று எங்கள் கியாந்தூனி கிராமத்தில் யாரும் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவிக்கொத்து முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். மருந்தகத்துச் சாவி, அதை ஒட்டிக் கட்டிய நர்ஸ் வீட்டுச் சாவி, வெளிக்கேட்டுச் சாவி. சர்ச்சில் மண்டியிட்டு எழுந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். பாதிரியார் அது அடங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் ஜெபத்தைத் தொடருவார்.

மருந்தகம் என்றதும் உள்ளே மருந்து இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல சிமெண்ட் தரை இருக்கிறது. கட்டில் இருக்கிறது. சுவரில் தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணின் படம் இருக்கிறது. தினமும் காலையில் கலுண்டே போய்த் திறந்து, பெருக்கி, துடைத்து, மறுபடி பூட்டிவிட்டு வருவாள். சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. ஏதோ கொஞ்சம் பயிற்சி கொடுத்து, முதுகில் ‘சுகாதாரத் தொண்டர்’ என்று எழுதிய நீலச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள், அதுவும் சாயம் போய்விட்டது.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்றால், அதற்கும் காரணம் உண்டு. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த புதிதில் முதல் பிரசவத்துக்குக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில், நகரத்தில். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது உயிரில்லை. அப்புறம் மகன் மூதெங்கி பிறந்தான், பிழைத்தான். புருஷன் கியோக்கோ மணல் லாரியில் வேலைக்குப் போய் ஒரு நாள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். இவள் துவரையும் பச்சைப்பயறும் போட்டு மகனை ஆளாக்கினாள். ஆனால் அந்தக் கழுதை வண்டியிலிருந்து மட்டும் அவள் இறங்கவே இல்லை.

தலைநகர் நைரோபியில் உட்கார்ந்திருந்த அரசாங்கத்தைப் பங்கு பிரித்து மாவட்டத்துக்கு மாவட்டம் கொடுத்தபோது எங்கள் ஊரில் அவளைப்போல் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. வருஷா வருஷம் பட்ஜெட் போடுமுன் மாவட்ட அதிகாரிகளே ஊருக்கு வந்து, ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பார்களாம். கேட்டார்களே! பள்ளிக்கூட மைதானத்தில் வாடகைப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு சோடா, ஒரு துண்டு பிரெட். கலுண்டே சோடாவைத் தொடக்கூட இல்லை. எழுந்து, “எங்களுக்கு ஒரு மருந்தகம் வேணும்” என்றாள். ஊரே கை தூக்கியது. கட்டியும் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திறப்பு விழா அன்று வெள்ளைச் சட்டை போட்ட நர்ஸ் ஒருத்தி வந்தாள். பெட்டி பெட்டியாக மருந்து இறங்கியது. கலுண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடினாள். ரிப்பனை வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். சாயங்காலம் அதே காரில் நர்ஸும் ஏறினாள், மருந்துப் பெட்டிகளும் ஏறின.

“அம்மாடி, நீ எங்க கிளம்பிட்டே?” என்று கலுண்டே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் நகரத்து ஆஸ்பத்திரிம்மா. இன்னைக்கு மட்டும்தான் இங்க போயிட்டு வரச் சொன்னாங்க” என்றாள் நர்ஸ், பாவம், தலையைக் குனிந்துகொண்டு.

அடுத்த வருஷக் கூட்டத்தில் கலுண்டே நர்ஸ் கேட்டாள். பட்ஜெட் அதிகாரி கிமேயு நல்ல மாதிரி ஆள், குரலை உயர்த்தாதவர். “அம்மா, இந்தக் கூட்டத்துல கட்டுற சாமான் எதுவானாலும் கேளுங்க. ரோடு, கிணறு, சுவரு, ரூமு. ஆள் கேட்க முடியாது. ஆள் வேற கணக்கு” என்றார்.

“ஆளில்லாத ரூமுல நான் என்ன சார் செய்யறது, ஆடு கட்டவா?”

எல்லோரும் சிரித்தார்கள். கிமேயுவும் சிரித்தார். பேப்பரில் ஒன்றும் எழுதவில்லை.

விடுவாளா இவள்? மாம்பழ லாரியில் தொற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போனாள். சுகாதாரத் துறையில், “நிதித்துறை காசு ஒதுக்கினா நாங்க அனுப்ப மாட்டோமா?” என்றார்கள். நிதித்துறையில், “சம்பளச் செலவு ஏற்கெனவே எல்லை தாண்டிடுச்சு, வேலைக்கு ஆள் எடுக்கிற வாரியத்தைக் கேளுங்க” என்றார்கள். வாரியத்தில், “சுகாதாரத் துறை எங்ககிட்ட கேட்கவே இல்லையே” என்றார்கள். மூன்று கட்டடமும் ஒரே மதில் சுவருக்குள்தான். நடுவில் ஒரு டீக்கடை, மூன்று துறைக்காரர்களும் அங்கேதான் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். ஒரு கை தட்டினால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே முடியாத காரியம் ஆபீசுக்குள் போனால் எங்கே முடியப்போகிறது? நாய் மாதிரி அலையவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பெண் குமாஸ்தா மனமிரங்கி ரகசியமாகச் சொன்னாள். “அக்கா, நெசத்தைச் சொல்லட்டா? அந்தப் பொட்டக்காட்டுல நர்ஸ் தங்க ஒரு வீடு இருக்கா? வீடே இல்லாத ஊருக்கு எவ வருவா?”

அந்த வார்த்தையை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு கலுண்டே ஊர் திரும்பினாள். வீடு கட்டுகிற சாமான்தானே! கூட்டத்தில் கேட்கலாம். வீடு வந்தால் அதற்கு ஆள் அனுப்பித்தானே ஆக வேண்டும்?

ஆனால் அந்த வருஷம் எங்கள் பகுதிக்கு ஒரு வேலைக்குத்தான் பணம். எதிர்ப்பக்கம் மாம்பழத் தோட்டக்காரர் முல்வா நின்றார். அவருக்கு ஆற்றின் குறுக்கே பாலம் வேண்டும். எங்கள் ஆறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல், லாரியே ஓடும். மழை வந்தால் அவ்வளவுதான், அக்கரை வேறு தேசம்.

“மழை பேஞ்சா என் பழமெல்லாம் கூடையிலயே அழுகுது. பாலம் வேணும்” என்றார் முல்வா.

கலுண்டே இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “பழம் அழுகினா ஆட்டுக்குப் போடலாம் அண்ணே. புள்ளத்தாச்சி பாதி வழியில போனா அவளை யாருக்குப் போடுவீங்க?”

பெண்கள் பக்கம் ஹோவென்று கத்தினார்கள். முல்வாவின் முகம் சுண்டிப்போனது. “நர்ஸ் வர்றதுக்கும் பாலம் வேணும் தங்கச்சி. பறந்தா வருவா?” என்று ஏதோ சொன்னார், யார் காதில் விழுந்தது! கை தூக்கச் சொன்னபோது வீட்டுக்குத்தான் காடாகக் கைகள். கலுண்டே ஜெயித்தாள். அன்றைக்கு ராணி மாதிரி நடந்து வந்தாள்.

வீடு வந்தது. சிவப்புத் தகரக் கூரை, ஜன்னலுக்குக் கண்ணாடி, கூரைமேல் சோலார் விளக்கு. ஊரில் அப்படி ஒரு வீடு யாருக்கும் கிடையாது. நர்ஸ் வரவில்லை. கேட்டதற்கு, சுற்றிலும் வேலி இல்லாத வீட்டில் ஒரு பொம்பளை எப்படித் தனியாக இருப்பாள் என்றார்கள். நியாயம்தானே என்று அதற்கடுத்த வருஷம் வேலியும் இரும்புக் கேட்டும் கேட்டு வாங்கினாள். முல்வா அந்த வருஷம் வாயைத் திறக்கவில்லை. வேலியும் கேட்டும் வந்தன. சாவிக்கொத்தில் ஒரு சாவி கூடியதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில் மூதெங்கி கல்யாணம் முடித்து, பெண்டாட்டி வயுவாவை அம்மாவிடம் விட்டுவிட்டு மொம்பாசா துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். வயுவா முழுகாமல் இருந்தாள். எங்களில் முதல் பெண் பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவளின் பெயர்தான். ஆகவே வயிற்றில் இருப்பது பெண் என்றால் அது கலுண்டே. வயுவாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“அத்தை, குட்டிக் கலுண்டே உள்ள உதைக்கிற உதை இருக்கே, எந்த ஆபீஸ் கதவுன்னு நெனச்சுக்கிட்டாளோ!”

“உதைக்கட்டும்டி. நான் தட்டித் தட்டித்தான் ஒண்ணும் நடக்கல” என்று கலுண்டே வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் ஏமாளி இல்லை. மாதம் நெருங்குமுன் மருமகளை அக்கரையில் ஒரு சொந்தக்காரி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று ஏற்பாடு செய்திருந்தாள். துணிமூட்டைகூடக் கட்டியாகிவிட்டது. ஆனால் மழையும் முந்திக்கொண்டது, வலியும் முந்திக்கொண்டது.

மேலே மலையில் கொட்டிய மழை விடியும்போதே ஆற்றில் இறங்கிவிட்டது. வயுவாவை மோட்டார்பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் கலுண்டே பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனபோது செம்மண் தண்ணீர் மரத்தை உருட்டிக்கொண்டு ஓடியது. ஊர் ஆம்பளைகள் கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். போன் போட்டதற்கு ஆஸ்பத்திரிக்காரர்களும் குறை வைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அக்கரையில் வந்து நின்றது. தலையில் விளக்குச் சுழன்றது. அதிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நர்ஸ் இறங்கித் தண்ணீர் ஓரம் வரை வந்தாள்.

இத்தனை வருஷம் அலைந்து கலுண்டே கேட்ட நர்ஸ். கூப்பிடு தூரத்தில் நிற்கிறாள். இரண்டு கையையும் வாயில் குவித்து என்னமோ கத்துகிறாள். இந்தப் பக்கத்தில் ஒரு எழுத்து கேட்கவில்லை, ஆற்றுச் சத்தம் அப்படி. கலுண்டே, “என்ன சொல்றே? அம்மா தாயே, என்ன சொல்றே?” என்று முழங்கால் தண்ணீர் வரை இறங்கிவிட்டாள். முல்வா பாய்ந்து வந்து தோளைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்கண்ணே!”

“நீ ஆத்தோட போகப்போறியா? அவளைத் திருப்பிக் கொண்டு போவோம் தங்கச்சி. உன் மருந்தகம் இருக்குல்ல?”

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். குத்திக்காட்டத் தெரிந்தவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தையில் கலுண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மருந்தகத்தைத் திறந்து அந்தக் கட்டிலில்தான் கிடத்தினார்கள். தரை பளபளவென்று இருந்தது. விளக்கு எரிந்தது. பிள்ளை கால் முன்னால் வந்தது. கலுண்டேவுக்குப் பயிற்சியில் கை கழுவவும் தாய்க்குப் புத்தி சொல்லவும்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தெரிந்ததையெல்லாம் செய்தாள், தெரியாததையும் செய்தாள். பெண் குழந்தைதான். ஒரு முறை முனகியது, அவ்வளவுதான். வயுவா பிழைத்தாள். ஆறு மறுநாள் வற்றி, பிள்ளைகள் மணலில் பந்து விளையாடினார்கள். பெயர் வைக்கும் நாளுக்குக் காத்திராத பிள்ளைக்குப் பெயர் கிடையாது. பெயரில்லாமலேதான் புதைத்தார்கள்.

அந்த வருஷக் கூட்டத்துக்குக் கலுண்டே ஒன்றே ஒன்றைச் சொல்லத்தான் போனாள்: பாலம். ஊர் முன்னால் நின்று, முல்வா சொன்னதுதான் சரி, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும். வழி நெடுக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வயுவாவும் கூட வந்தாள். பிள்ளை போன நாளிலிருந்து வாய் திறக்காதவள், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்ததும் முல்வா முந்திக்கொண்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ஐயா, நான் அன்னைக்குப் பாலம் பாலம்னு கத்தினேன். எல்லாம் என் மாம்பழத்துக்காக. வெட்கமா இருக்கு. இந்தத் தங்கச்சி பிரசவத்துக்காகக் கத்துனா, நான் பழத்துக்காகக் கத்துனேன். இந்தத் தடவை எனக்குப் பாலம் வேணாம். அவ மருந்தகத்துல ஒரு பிரசவ வார்டு கட்டிக் கொடுங்க.”

பந்தலே எழுந்து நின்று கை தட்டியது. பெண்கள் அழுதார்கள். கலுண்டே எழுந்தாள். “வேணாம், வேணாம், பாலம்தான்… முல்வா அண்ணே, நீங்க சொன்னதுதான்…” என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவளைக் கட்டிக்கொண்டாள். “அழாதே அக்கா, நாங்க இருக்கோம்” என்று தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள். கலுண்டே திமிறித் திமிறிப் பார்த்தாள். ஊர் அவ்வளவு அன்பாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும்தான் கை தட்டினேன், எனக்கென்ன புத்தி!

கிமேயுவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒருவர்கூட எதிர்க்காத வேலை பட்ஜெட்டில் சுலபமாக ஏறும். “ரொம்ப நல்லது. யார் பேர்ல வைக்கலாம்?”

“அந்தக் குழந்தை பேர்ல” என்றார் முல்வா.

“அதுக்குத்தான் பேரே வைக்கலையே” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

கடைசி வரிசையிலிருந்து வயுவாவின் குரல் வந்தது. “கலுண்டே.”

கிமேயு எழுதிக்கொண்டார்.

கட்டடம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு ஒரு நர்ஸ் வந்தாள், சாயங்காலம் போனாள். இந்த முறை கலுண்டே கார்க் கதவைப் பிடிக்கவில்லை. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அவள் பெயர் இருக்கிறது, அவள் பேத்தியின் பெயர். காலையில் அதற்குக் கீழே போய் நின்று, கொத்தில் புதுச் சாவியைத் தேடி எடுத்து, திறந்து, பெருக்கி, துடைத்து, பூட்டுகிறாள். மேற்கே மலையில் மேகம் கறுத்தால் மட்டும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறாள்.