பெட்டியின் காது

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தவமணி, தோட்டத்து மேலாளரான துரை சிரித்தால்கூட இதில் என்ன சூதோ என்று பார்ப்பவள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பெட்டியைப் புதைத்தார்கள். நடுக்கடலில், தண்ணீருக்கடியில் கிடக்கும் மலைத்தொடர் குலுங்கினால் இது பதிவு செய்யும் என்றார்கள்.

“கடல் குலுங்குறத மலையில வந்தா கேப்பாங்க? நம்ம ஸ்ட்ரைக் பேச்சத்தான் ஒட்டுக் கேக்குது” என்றாள் தவமணி. அதன் காதை அடைக்க, தினமும் பொழுது சாய உரலைப் பெட்டியருகே உருட்டிவந்து மிளகாய் இடித்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். “சாயங்காலமானா இங்க மட்டும் நிலம் அதிருதே, என்னம்மா நடக்குது?”

தவமணி லயத்தைப் பார்த்துக் கத்தினாள்: “கேட்டீங்களாடி? கொழும்புல இருந்துகிட்டே என் உலக்கையக் கேட்டிருக்கான். நம்ம வாய விட்டிருப்பானா?”