தாழ் இறுகிய துவக்கு

என் முதல் துவக்கை, பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்றை, சுவிஸின் பீல் நகரத்துக் கடையொன்றில் வாங்கி, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீளமான துணிப்பைக்குள் இருந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. போர்க்காலத் தடையால் டோர்ச் பற்றரி ஒன்றைச் சைக்கிளில் மறைத்துக் கொண்டுபோகவே நெஞ்சு படபடத்த ஊரிலிருந்து வந்தவன் நான். இறங்கும்வரை யாராவது தோளைத் தொடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் தொடவில்லை.

சுவிஸ் இராணுவம் எப்போதோ கழித்துவிட்ட பழைய துவக்குகள் இங்கே மலிவாகக் கிடைக்கும். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்திருந்தால் அதைத் தொடவும் சட்டம் விட்டிருக்காது. மனைவியும் நானும் சுவிஸ் குடியுரிமை எடுத்துப் பல வருடங்களாகிவிட்டன. நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. பகல் முழுக்க, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்குக் கைநிறையப் பிடித்துச் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. எனக்குச் சுடுவதில் விருப்பமில்லை. ஆசையெல்லாம் துவக்கின் அந்த வால்நட் மரக்கட்டையில்தான்.

இரும்பைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்தில் பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை விரித்து, மேலே சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால், நீராவி ஏறி நசுங்கிய நார் மெல்ல எழும்பும். முதல் தடவை அதைக் கண்டபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். துவக்கு வீட்டுக்குள் வந்ததிலிருந்து என்னோடு சரியாகக் கதைக்காமல் இருந்தவள், குனிந்து பார்த்தாள். அதன்பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசும்போது மறுமுனையைப் பிடித்துத் தருவாள்.

ஒன்றைச் சரிசெய்து முடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

நகரத்துக்கு வெளியே சிறு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துத் தக்காளியும் மிளகாயும் போடுகிறோம். பக்கத்துத் துண்டு ஒரு சுவிஸ் மூதாட்டியுடையது. கணவர் இறந்து சில வருடங்கள். முதியோர் இல்லத்துக்குப் போக முடிவெடுத்து வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கட்டில்களை இறக்கிக் கொடுக்கப் போன என்னிடம், கூரைக்குக் கீழே இருந்த சாமான் அறையில், படைச் சேவை முடித்தவர்கள் இங்கே வீட்டில் வைத்துக்கொள்வதுபோல, கணவரின் பழைய இராணுவத் துவக்கு கிடப்பதாகச் சொன்னார். எனக்கு இதில் பைத்தியம் என்று அவருக்குத் தெரியும். சட்டத்துக்காக ஒரு சிறிய தொகைக்கு விற்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

கட்டையின் அடிப்பக்கம் சப்பாத்து மிதித்து நைந்திருந்தது. கிரீஸ் காய்ந்து தேன்மெழுகு போல இறுகிப்போயிருந்தது. துவக்கின் பின்பக்கம் தாழ் ஒன்று இருக்கும். அதை இழுத்தால்தான் உள்ளே திறக்கும். அது அசையவில்லை. அதன் முனையிலிருந்த வளையம் ஒரு பக்கம் திரும்பியபடி நின்றது. கிரீஸ் பிடித்ததுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். தாழ் திறக்காததால் இரும்பைக் கழற்ற முடியவில்லை. பரவாயில்லை, மரத்தை முதலில் பார்ப்போம் என்று துவக்கை முழுதாகவே இஸ்திரி மேசையில் கிடத்தினேன்.

அந்த வாரம் முழுக்க மாலை வேளைகளில் அதுதான் வேலை. நான் இஸ்திரிப்பெட்டியைப் பிடிப்பேன். துவக்கு உருளாமல் இருக்க மனைவி எதிரே ஒரு கதிரையைப் போட்டு இருந்து, குழலின் முனையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். தொலைபேசியில் தங்கையோடு கதைத்தபடியும் பிடித்திருந்தாள்.

மரம் அழகாக வந்துவிட்டது. தாழை மட்டும் திறந்து தரும்படி கேட்க, சனிக்கிழமை அதைக் கடைக்குக் கொண்டுபோனேன். மனைவியும் கூட வந்தாள். பிறகு காய்கறி வாங்கப் போவதாகத் திட்டம். கடைக்காரர் அறுபது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். துவக்கைப் பையிலிருந்து எடுத்ததும் அந்த வளையத்தைப் பார்த்தார். உடனே குழலின் முனையை எங்களிடமிருந்து திருப்பி, மூலையில் இருந்த மணல் பெட்டிக்குள் நீட்டினார். எங்களைப் பின்னால் போகச் சொன்னார். குரல் உயரவில்லை.

வளையம் அப்படித் திரும்பியிருந்தால் விசை ஏற்றப்பட்டிருக்கிறது, பாதுகாப்புப் பூட்டுப் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். கிரீஸ் மீது ஏதோ திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தார். பிறகு வளையத்தைத் திருப்பித் தாழை இழுத்தார். பித்தளைத் தோட்டா ஒன்று வெளியே வந்து மேசையில் உருண்டது. அவர் அதைக் கையால் மறித்தார்.

"இதை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

இஸ்திரி போட்டோம் என்று சொன்னேன். குழலுக்கு எதிரே யார் இருந்தது என்று அவர் கேட்டபோது, மனைவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல, கையை மெல்ல உயர்த்தினாள்.

அவர் எங்களுக்குக் கதிரை போட்டுத் தந்தார். பூட்டுப் போட்டிருந்தது அதிர்ஷ்டம் என்றார். ஆனாலும் அத்தனை பழைய பூட்டை நம்பி, வாசலில் கிடக்கும் மிதியடிக்கு நேரேகூடப் பிடித்திருக்க மாட்டேன் என்றார். தோட்டாவைத் தானே பொலிஸில் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். துவக்கு வந்த வீட்டைப் பற்றி விசாரித்தார். பிறகு, ஒன்று இருந்த வீட்டில் வேறும் இருக்கலாம், ஒதுக்குகிற ஆட்கள் வரமுன் அந்த அம்மாவிடம் போய்க் கேளுங்கள் என்றார்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். இரண்டு பஸ்கள் வந்து போயின, நாங்கள் ஏறவில்லை. ஷெல்லுக்கு ஓடியவர்கள் நாங்கள். பதுங்குகுழிக்குள் இருந்து எழும்பி வந்தவர்கள். இதெல்லாம் முடிந்துபோன ஊர் என்று நம்பிய இடத்தில், எங்கள் வீட்டுக்குள், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தங்கையோடு கத்தரிக்காய்க் குழம்பு பற்றிக் கதைத்திருக்கிறாள்.

"ஒரு வாரம்," என்றாள் மனைவி. மூன்றாவது பஸ் வந்தபோது, "நான் வீட்டை போகேல்ல. முதல்ல அந்த மனுசியிட்டைப் போவம்," என்றாள்.

மூதாட்டி பெட்டிகளுக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று நான் தடுமாற, தோட்டா இருந்ததை மனைவி தன் ஜெர்மனில் நேரே சொல்லிவிட்டாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அப்படி இருக்க வழியில்லை என்றார். தோட்டாக்களை எல்லாம் கணவர் எப்போதோ இராணுவத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார், தானும் கூடப் போனதாகச் சொன்னார்.

"ஒன்றுதானா?" என்று கேட்டார்.

ஒன்றுதான் என்றேன்.

அதன்பின் அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மணிக்கூட்டுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலம். கணவருக்கும் வேலை போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே ஏறிப்போவார், இருட்டும்வரை வரமாட்டார். பழைய பனிச்சறுக்குப் பலகைகளைத் திருத்துகிறேன் என்பார். மூதாட்டி நம்பினார். திருத்திய பலகை ஒன்றையும் கண்டதில்லை, கேட்கவும் தோன்றவில்லை. வசந்தத்தில் தபால் நிலையத்தில் வேலை கிடைத்தது. பிறகு கணவர் மேலே போகவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பூட்டு? அது போட்டிருந்ததா?"

போட்டிருந்தது என்றேன். கிரீஸ் இறுகியிருந்த விதத்தைப் பார்த்தால் எத்தனையோ வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்படியென்றால் அவரே மனம் மாறிப் போட்டிருக்கிறார்," என்றார்.

எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தார். மனைவி பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை, நின்றாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூவருமாக மேலே ஏறி ஒவ்வொரு மூலையையும் தேடினோம். வேறு தோட்டா கிடைக்கவில்லை. பனிச்சறுக்குப் பலகைகள் இரண்டு சோடி இருந்தன, ஒருவரும் தொடாதவை.

அன்றிரவு மனைவி சமைக்கவில்லை, பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மடியில் இன்னும் பாரம் இருப்பதுபோல் இருக்கிறது என்றாள். பல நாட்கள் அப்படியே சொன்னாள். நான் இஸ்திரி மேசையைக் கண்ணுக்குத் தெரியாமல் நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

மூதாட்டி இல்லத்துக்குப் போய்விட்டார். துவக்கை வெளியே கொடுத்துவிடவா என்று தொலைபேசியில் கேட்டேன். வேண்டாம், வேலையை முடியுங்கள், ஆனால் எனக்குக் காட்டவேண்டாம் என்றார். கடைக்காரரின் பின்னறையில், அவர் கண்ணெதிரே முடித்தேன். இப்போது அது தாழ் இல்லாமல் நிலவறைப் பெட்டிக்குள் இருக்கிறது. தாழ் கடையில் இருக்கிறது.

இல்லத்துக்கு மனைவிதான் அடிக்கடி போகிறாள். இருவரும் தக்காளி பற்றியும் முழங்கால் நோவு பற்றியும் கதைப்பார்களாம். மற்றதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லையாம்.

கடைக்காரர் அண்மையில் இன்னொரு துவக்கு வந்திருப்பதாகச் சொன்னார். கட்டை மோசம், விலை மலிவு. நான் வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை மனைவியிடம் சொன்னபோது, அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அவர் தாழைத் திறந்து காட்டட்டும். நானும் வாறன்," என்றாள்.