தோல்விக்கும் ஒரு பேர்

என் கணவர் இராஜேந்திரனுக்கு இல்ஃபோர்டில் பலசரக்குக் கடை இருக்கிறது. ஆனால் யார் கேட்டாலும், தான் ஊர்க் கழகத்தின் உதைபந்தாட்டப் பயிற்சியாளர் என்றுதான் சொல்வார். கழகம் லண்டனில் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கோப்பையையும் கண்டதில்லை. அதற்காக அவர் தேங்காய் உடைக்காத பிள்ளையார் இங்கே இல்லை.

போன வருடம் ஜேர்மனியிலிருந்து குடிவந்த சிவதர்ஷன் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தான். கடைசி நிமிடங்களை ஆளத் தெரிந்தவன். வென்றுகொண்டிருந்தால் பந்தை மூலைக்கொடிப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கச் சொல்வான். ஆள் மாற்றுவதையும் கடைசி நிமிடம்வரை ஒத்திவைப்பான். நேரம் போகட்டும் என்று களைத்த பொடியன் ஆற அமர நடந்து வெளியே வருவான். நாங்கள் வெல்லத் தொடங்கினோம். பொடியங்கள் “தர்ஷன் அண்ணை” என்று அவனையே சுற்றினார்கள். என் மனுசனுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே கறியில் உப்புக் கூடிப்போச்சு என்பார்.

இந்தக் கோடைச் சுற்றுப்போட்டியில் ஒரு புது விதி வந்தது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பச்சை அட்டை. நடுவர் பிழைவிட்டால் பயிற்சியாளர் அதைக் காட்டி வீடியோவைப் பார்க்கச் சொல்லலாம். ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டால் கேட்க முடியாது. வீடியோவுக்குக் கலியாணவீடுகளில் படம் பிடிக்கும் நிருஜன்.

இறுதியாட்டம் சமநிலையில் இருந்தது. கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் அடித்தது. சிவதர்ஷன் ஓடி வந்தான்.

“அண்ணை, அது ஓப்சைட்! அட்டையைக் காட்டுங்கோ, கெதியா!”

“பொறடா, எங்க வச்சனான்…” என்று என் மனுசன் காற்சட்டைப் பைகளைத் துழாவினார். அட்டை சட்டைப் பையில் பச்சையாகத் தெரிந்துகொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ, சட்டைப் பொக்கற்!” என்று கத்தினேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. கோல் செல்லாது என்றானால் பேர் சிவதர்ஷனுக்கு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. துழாவிக்கொண்டே நின்றார். நடுவர் விசிலை ஊதினார், பந்து உருண்டது. கோப்பை போயிற்று.

நிருஜன் கமராவில் போட்டுக் காட்டினான். அப்பட்டமான ஓப்சைட். பொடியங்கள் கொதித்துப்போய் வந்தார்கள். என் மனுசன் வாய் திறக்குமுன் சிவதர்ஷன் முந்திக்கொண்டான்.

“அண்ணையில பிழையில்லை. நான்தான் பிந்திச் சொன்னனான்.”

அணித் தலைவன் சிவதர்ஷனின் தோளில் கைபோட்டான். “பறவாயில்லை அண்ணை. வாற வருசம் பாப்பம்.” எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மனுசனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வெட்கத்தோடு கார்ப் பக்கம் நடந்தேன்.

காரில் ஏறியதும் அவர் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார்.

“பாத்தியே? தோத்ததிலயும் அவனெல்லோ பேர் வாங்கிப்போட்டான்!”

“அந்தப் பேர் உங்கடதானே. இறங்கிப் போய்க் கேட்டு வாங்குங்கோ” என்றேன்.

அவர் காரை எடுத்தார்.