அசையாமல் இருந்த ஏழு பேர்

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்தது என் கேமரா. கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவனுக்கு ஞாயிறு ஒன்றுதான் சொந்தம். தேக்குச் சட்டத்தை நானே இழைத்தேன், லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் நீளும் துருத்தியை நானே மடித்தேன், பின்பக்கக் கண்ணாடியை நானே தேய்த்துப் பால்நிறமாக்கினேன். "போன்ல எடுத்தா அங்கனயே முடிஞ்சிருமே" என்று என் மனைவி சொல்லாத வாரம் கிடையாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அந்தக் கண்ணாடியில் கரிசல்காடு தலைகீழாகத் தெளிந்து வருவதை ஒருமுறை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டாள். அந்தச் சுகத்தை விளக்கப் போய் நான் இதுவரை யாரிடமும் ஜெயித்ததில்லை.

அந்த ஞாயிறு மாலை எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி ஒரு காட்டுக்குப் போனேன். அறுப்பு முடிந்து, நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஆறு வாரமாக ஒரு படமும் உருப்படவில்லை. ஒருமுறை துருத்தியில் ஓட்டை, ஒருமுறை காற்று, ஒருமுறை என் புத்தி. கையில் இருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சட்டம். முன்பக்கம் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம், பின்பக்கம் ஒன்று. இன்றைக்கும் கோட்டைவிட்டால் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவேன் என்று மனைவியிடமே சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

முக்காலியின் ஒரு கால் வெடிப்புக்குள் இறங்கியது. தூக்கி நிறுத்தினால் அடுத்த கால் இறங்கியது. திட்டிக்கொண்டே துணிக்குள் நுழைந்தேன். கண்ணாடியில் ஏழு பெண்கள் தலைகீழாக நடந்து வந்து, எனக்கு நேர் எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"இங்கன என்னத்த அளக்குதீங்க?" என்றார் நடுவில் இருந்த அம்மா. "நாங்க எந்திரிக்க மாட்டோம். எப்படி அளக்குதீங்கன்னு பாப்போம்."

அப்புறம்தான் உறைத்தது. சோலார் கம்பெனிக்கு நிலம் அளக்க வருகிறவர்களும் முக்காலியோடுதான் வருகிறார்கள். முக்காலியைக் கண்டால் அளக்கவிடாமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவது அந்த ஊர்ப் பெண்களுக்கு வழக்கமாகியிருந்தது.

"அளக்க வரலம்மா, போட்டோ எடுக்கத்தான்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. என்னையே முறைத்தார்கள், இமைகூட ஆடவில்லை. என் கேமராவில் லென்ஸ் மூடியை எடுத்து, ரெண்டு எண்ணி, மூட வேண்டும். அதுவரை ஆடாத மனிதரை நான் கண்டதே கிடையாது. இதோ ஏழு பேர்! துணிக்குள் போய் முகங்களைத் தெளிவாக்கினேன். சட்டத்தைச் செருகி, மறைப்புத் தகட்டை உருவி, எண்ணி எடுத்து, தகட்டைத் திரும்பச் செருகினேன். இதற்காகத்தான் அந்த இரண்டு வருடம் என்று தோன்றியது.

"எடுத்ததக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

"இப்பக் காட்ட முடியாதும்மா. வீட்டுல போயி மருந்துல கழுவணும்."

"அப்ப கம்பெனிக்காரன்ட்டதான் காட்டுவீங்க. பெட்டி இங்கன இருக்கட்டும், நீங்க போங்க."

கெஞ்சினேன், கத்தினேன். அவர் அசையவில்லை. கடைசியில், வெளிச்சம் பட்டால் எடுத்த படம் போச்சு என்று தெரிந்தே தகட்டை உருவி, சட்டத்தை வெயிலில் நீட்டினேன். உள்ளே வெளிறிய ஒரு தாள். அவர் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியே!"

ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. அதைக் கவனித்தாரோ என்னவோ, "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இன்னொண்ணு எடுங்க, நாங்க இருக்கோம்லா" என்றார். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் இடுப்பில் இடித்தாள். ஆடாதீர்கள் என்று நாலு தடவை சொல்லிவிட்டு, பின்பக்க ஃபிலிமில் எடுத்தேன்.

வீட்டில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கழுவி, காயவைத்து, பிரிண்ட் போட்டேன். வெடிப்பு ஒவ்வொன்றும், உள்ளே விழுந்த சருகு வரைக்கும், அப்படியே வந்திருந்தது. நடுவில் ஏழு பேர் சிரித்துச் சிரித்துக் கலங்கிப் போயிருந்தார்கள். ஒரு முகமும் முகமாக இல்லை.

"மண்ணு நல்லா விழுந்திருக்கு" என்றாள் மனைவி. "இவிய யாரு?"

பெட்டி இன்னும் பரணுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் அதே காட்டுக்குப் போகலாம். ஆனால் இனி அவர்கள் என்னை முறைக்கமாட்டார்களே!