பாதிக் கிராப்பு

இடது பக்கம் முடிந்து மெஷின் பிடரிக்கு வரும்போது புரொபசர் எழுந்துவிடுவார். கழுத்தில் கட்டிய துணியோடு, தோளெல்லாம் மயிரோடு, கடைக்கு எதிரே நிற்கிற வேப்பமரத்தடிக்குப் போய்க் குந்துவார். குச்சி ஒன்றைப் பொறுக்கிச் செம்மண்ணில் கீற ஆரம்பித்தால் முடிந்தது. தூறல் போட்டாலும் சரி, மேளத்தோடு சவ ஊர்வலம் போனாலும் சரி, ஆள் அங்கே இருக்கமாட்டார். உடம்பு மட்டும் இருக்கும்.

சாக்போவுக்கு இது வருஷக்கணக்கான வயிற்றெரிச்சல். கலாவியில் பல்கலைக்கழகச் சுவரை ஒட்டி வரிசையாகச் சலூன்கள். அதில் சாக்போ வெட்டிய தலை தனியாகத் தெரியும் என்று ஊரில் பேர். மந்திரி வீட்டு மாப்பிள்ளை கொத்தோனுவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தான். அப்படிப்பட்ட கை, கணக்குப் புரொபசர் மத்தியாஸ் கந்தோனுவின் தலையை ஒரு தடவைகூட முடித்ததில்லை. குச்சியைப் போட்டுவிட்டு அவர் அப்படியே வகுப்புக்கு நடந்துவிடுவார். ஒரு பக்கம் கட்டாந்தரை, ஒரு பக்கம் புதர். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரிடம் வெட்டினீர்கள் என்று கேட்குமாம். அவரும் ஒளிவுமறைவு இல்லாமல் சாக்போ பேரைச் சொல்லிவிட்டு வருவார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறதுன்னே வர்றீங்களா அண்ணே?"

"மீதிய நாளைக்கு வெட்டிக்கலாம் சாக்போ. முடி எங்க போகப்போவுது? இதுதான் போயிரும்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

நெட்டை ஆள். கால்சட்டைப் பையின் ஓரம் எப்போதும் சுண்ணாம்புக்கட்டித் தூளில் வெளுத்திருக்கும். செருப்பின் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருப்பார். மோட்டார் டாக்சியில் ஏறி "நேரா போ" என்று சொல்லிவிட்டு, வீட்டைத் தாண்டி ஏரிக்கரை வரை போய், அங்கே நின்று யாருடைய ஊர் இது என்பதுபோலப் பார்ப்பார். அவர் சம்சாரம் பெலாஜி ஒருநாள் கடைக்கே வந்து, "கட்டிப்போட்டாவது வெட்டி அனுப்பு தம்பி, கோயில்ல என் பக்கத்துல உக்கார வைக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலியில் கட்டிப்போடுவதற்குச் சாக்போ என்ன போலீசா?

அவரிடம் பேச்சுக் கொடுப்பதே தொல்லை. சாயங்காலம் மழை வரும் என்று வாய் தவறிச் சொல்லக்கூடாது. "தெரிஞ்சு சொல்றியா, நம்பிச் சொல்றியா?" என்பார். மீன்காரி மீன் இன்றைக்குப் பிடித்தது என்றாலும் அதே கேள்விதான். அவள் ஒருமுறை கூடையை இறக்கிவைத்துவிட்டு, "வித்துட்டுப் போகணும்னு சொல்றேன், போதுமா?" என்றாள். அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

விதா கடற்கரையில் உப்புக் காய்ச்சிய ஒருத்தியின் பிள்ளை. பாதிரிமார் பள்ளிக்கூடம், அப்புறம் அரசாங்கச் செலவில் பிரான்ஸ். அங்கே லீல் நகரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியதும், இங்கேயே இரு என்று வாத்தியார்கள் சொல்லியிருக்கிறார்கள். கேட்கவில்லை. கூடப் படித்தவர்கள் அங்கேயே தங்கி இன்றைக்குப் பெரிய பெரிய நாற்காலிகளில் இருக்கிறார்கள். இவருக்கு இங்கே மாட்டுச்சந்தை மாதிரி அடைத்து உட்கார்ந்திருக்கிற வகுப்பும் ஒரு மைக்கும். கரண்டு போனால் மைக்கும் கிடையாது. ஏன் வந்தீர்கள் என்று சாக்போ கேட்டதற்கு, "அங்க மரத்தடியில மண்ணு உறைஞ்சு கெடக்குது. குச்சி எறங்க மாட்டேங்குது" என்றார்.

ஒருநாள் நாற்காலியில் இருந்தபடியே ஒரு கேள்வி போட்டார்.

"முடி முழுக்க மூடின பந்து ஒண்ணு குடுத்தா, ஒரு எடத்துலகூட சுழி விழாம படிய வாரிருவியா?"

தொழில் மானம். "வாருவேன்" என்றான் சாக்போ.

"முடியாது."

"கையில குடுத்துப் பாருங்க."

"உன்னால இல்ல, யாராலயும் முடியாது. கையில கோளாறு இல்ல சாக்போ. பந்தே அப்படி."

சாக்போ விடவில்லை. ஆள் வராத ஒரு மழைநாளில், நார் பிடித்த தேங்காய் ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, சீப்பால் இப்படியும் அப்படியும் வாரிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு சுழி முளைத்தது. இங்கே அமுக்கினால் அங்கே எழுந்தது. கடைசியில் தேங்காயை உடைத்துத் தின்றான். ஆனாலும் மனதுக்குள் ஒரு நிம்மதி. தோற்றதற்குத் தன் கை காரணமில்லை என்று அவனுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

பந்துச் சங்கதி பழசு, உலகத்துக்கே தெரியும். கந்தோனு கண்டது அதற்கு மேலே. கண்ணால் பார்க்கவே முடியாத சில உருவங்கள் இருக்கின்றனவாம். அவற்றின் மேல் காற்று எப்படிச் சுழன்று அடித்தாலும், எங்காவது ஓர் இடம் அசையாமல் நின்றே தீரும். இதுதான் அவருடைய தேற்றம். அதற்காகத்தான் கண்டத்துக்கே பெரிய கணிதப் பரிசு வந்தது. நாற்பது தாண்டாதவர்களுக்கு மட்டும் கொடுக்கிற பரிசு. பதக்கத்தைப் பெலாஜி தன் அச்சுத்துணிகளுக்கு நடுவே மடித்து வைத்துக்கொண்டாள். கரும்பலகைக்கு முன்னால் அவர் நிற்கிற படம் பத்திரிகையில் வந்தது. முழுத் தலையோடு நிற்கிற மாதிரி பக்கவாட்டில் எடுத்திருந்தார்கள்.

சாக்போ அந்தப் படத்தைக் கத்தரித்து, பலகை எழுதுகிறவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைவாசல் பலகையில் வரிசையாகத் தலைகள்: பந்தாட்டக்காரன் வெட்டு, மாப்பிள்ளை வெட்டு, பட்டாளத்து வெட்டு. கடைசியில் கந்தோனு. இரண்டு பக்கமும் ஒரே சீர், நெற்றியில் நூல் பிடித்த மாதிரி கோடு. உயிருள்ள தலையில் முடியாததைப் பெயிண்டில் முடித்துக்கொண்டான். எழுதினவன் தன் பங்குக்கு, படத்தில் கரும்பலகையில் இருந்த வரியையும் எழுத்து பிசகாமல் தலைக்குக் கீழே எழுதிவைத்தான். அர்த்தம் அவனுக்கும் தெரியாது, சாக்போவுக்கும் தெரியாது. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் தேற்றம்.

பிறகு ஒரு வறட்டுக் காற்றுக் காலம். வடக்கிலிருந்து புழுதி வந்து ஊரே சாம்பல் பூசிக்கொண்டிருந்தது. ஹுவேஃபா வந்திருந்தாள். பொஹிகோன் ஊர்த் தையல்காரர் ஒருவரின் மகள். கந்தோனுவிடம் படித்து, அவர் அனுப்பி ஜெர்மனி போய், அங்கே அவளும் ஒரு பரிசு வாங்கி, புரொபசராகவே ஆகிவிட்டவள். வீட்டுக்குப் போகாமல் நேரே சலூனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், உங்க நிரூபணத்துல மூணாவது படியில ஒரு உருவத்த விட்டுட்டீங்க."

"விடலம்மா. அது மத்ததுக்குள்ளயே அடங்கிரும்."

அவள் தன் கையைப் பார்த்தபடி கேட்டாள். "தெரிஞ்சு சொல்றீங்களா, நம்பிச் சொல்றீங்களா?"

சாக்போ மெஷினை நிறுத்திவிட்டான். யாரும் சொல்லாமலே நிறுத்தினான். கந்தோனு எழுந்தார். மரத்தடிக்குப் போகவில்லை. கண்ணாடி முன்னால் துணியோடு நின்றார், கண்ணாடியைப் பார்க்காமல்.

"நீங்க அந்த ஓட்டைய அடைக்கிற வரைக்கும் நான் வாய் தொறக்கமாட்டேன்" என்றாள் அவள்.

"உன்ன யாரு காத்திருக்கச் சொன்னா?"

"படிக்கிறப்ப நான் தடுமாறி நின்னா நீங்க எனக்குக் காத்திருக்கலையா?"

அதற்கப்புறம் அவர் மரத்தடியில் குந்துவது வேறு மாதிரி ஆனது. முன்பெல்லாம் கீறுவார், சிரிப்பார், காலால் அழிப்பார். இப்போது அழிக்காமல் அதன் மேலேயே கீறினார். தாடை ஒட்டியது. வருஷம் ஒன்று போய் இன்னொன்று வந்தது. இவர் குறி சொல்கிற பொக்கோனோ என்று நினைத்துவிட்டாள் வெளியூர்க்காரி ஒருத்தி. எதிரே மண்டியிட்டு, "என் புருஷன் அபிஜானுக்குப் போனவன் திரும்பல. வருவானா சாமி?" என்று கேட்டாள். நிமிராமலே சொன்னார்: "இன்னும் தெரியலம்மா. மூணாவது படியில ஒரு ஓட்டை இருக்கு."

கடைக்குள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்கி முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அப்ப எனக்கும் உங்களுக்கும் ஒரே கதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன மாதம் ஹுவேஃபா போன் செய்தாள். மெஷின் பிடரிக்கு வந்திருந்தது. கந்தோனு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் அழுகிற சத்தம் சாக்போவுக்கே கேட்டது.

"அழாத. நல்ல வேல செஞ்சிருக்க... இல்ல, என் பேரு வேண்டாம். தப்பக் கண்டவ பேர்லதான் வரணும். அதான் மொறை... அச்சுக்கு அனுப்பு. இன்னிக்கே."

போனை மடியில் வைத்தார். வெறும் ஓட்டை இல்லையாம். அடைக்கிறதுக்கு அங்கே எதுவுமே இல்லையாம். எல்லா இடமும் அசைகிற, ஓரிடமும் நிற்காத ஓர் உருவத்தை அவள் கண்டுபிடித்துவிட்டாள். தேற்றமே பொய்.

சாக்போ தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னான். "கையில கோளாறு இல்லண்ணே. உருவமே அப்படி."

கந்தோனு திரும்பி அவனைப் பார்த்தார். "இல்ல சாக்போ. இது கையிலதான்" என்றார்.

டீன் தெசூவுக்கு இதெல்லாம் தெரியாது. தொந்தியும் கைக்குட்டையுமாக மரத்தடிக்கே வந்து நின்றார். புதிதாகக் கட்டிய பெரிய வகுப்புக்குக் கந்தோனு பெயர் வைக்கிறார்கள், சனிக்கிழமை திறப்பு, மந்திரி வருகிறார்.

"உங்க தேற்றத்தப் பளிங்குக் கல்லுல வெட்டி வாசல்ல பதிச்சாச்சு புரொபசர். கண்ணு பட்டுரும், அப்படி இருக்கு!"

"அது தப்புங்க."

டீனுக்கு முகம் விழுந்தது. "எழுத்துப் பிழையா? நான் அந்தக் கொத்தனார்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்..."

"எழுத்து சரி. தேற்றம் தப்பு."

டீன் நாலாபுறமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "இதப் படிச்சவங்க உலகத்துல எத்தன பேரு இருப்பாங்க? பரிசு குடுத்தவனே திருப்பிக் கேக்கல. பேசாம வந்து மாலைய வாங்கிக்கிட்டு ஒக்காருங்க. கல்லு வெட்டியாச்சுய்யா!"

"வர்றேன்" என்றார் கந்தோனு. "வந்து மைக்குல சொல்லிட்டு ஒக்காந்துக்கறேன்."

"சொல்லாதீங்க. ஊருக்கு ஒரே ஒரு பேரு கெடச்சிருக்கு. அதையும் கெடுக்காதீங்க. புள்ளைங்க என்ன நெனைக்கும்?"

"புள்ளைங்களுக்காகத்தான் சொல்லணும்."

டீன் கைக்குட்டையை உதறிக்கொண்டு போனார். மைக் அன்றைக்கு வேலை செய்யுமா என்று தெரியாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். கரண்டு இல்லாமல் கத்திப் பாடம் நடத்துகிற ஆளிடம் சொல்கிற பேச்சா அது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கந்தோனு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். சாக்போ இடது பக்கத்தை முடித்தான். மெஷினைப் பிடரிக்குக் கொண்டுவந்தான். வழக்கம்போல ஒரு கையால் துணியின் முடிச்சைத் தளர்த்திவிட்டான், எழுந்துபோகட்டும் என்று.

அவர் எழுந்திருக்கவில்லை.

சாக்போ மெதுவாக ஓட்டினான். பிடரியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினான். "மரத்தடியில நல்ல நெழல் விழுந்திருக்குண்ணே" என்றான். "நேத்து மழைக்கு மண்ணு பதமா இருக்கு." அவர் கை மடியிலேயே இருந்தது. ஒரு தலையை முழுசாகக் கொடு என்று எத்தனை வருஷம் இந்த மனுஷனைக் கரித்துக்கொட்டியிருப்பான்! இப்போது கொடுத்துவிட்டார். வலது பக்கம் ஏறும்போது மெஷின் கனத்தது. பாதியில் எழுந்து ஓடமாட்டாரா என்று இருந்தது. காதோரம் பிளேடு போட்டான், பவுடர் அடித்தான், துணியை உதறினான். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கந்தோனு கண்ணாடியில் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "சரியா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் எதற்கும் லேசில் சொல்லி சாக்போ கேட்டதில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணாந்து பலகையைப் பார்த்தார். பந்தாட்டக்காரனையும் மாப்பிள்ளையையும் தாண்டிக் கடைசித் தலைக்கு வந்தார். அதற்குக் கீழே இருந்த வரியைப் படித்தார். சாக்போ பெயிண்ட் டப்பாவைத் தேட ஆரம்பித்திருந்தான். தலையை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தான்.

"தலை இருக்கட்டும்" என்றார் கந்தோனு. "அது இன்னிக்குத்தான் உண்மையாச்சு. அதுக்குக் கீழ இருக்கிற வரிய மட்டும் அழிச்சிரு சாக்போ. காலையில புள்ளைங்க இந்த வழியாத்தான் வரும்."